சந்தனம் மணக்கும் குளவிக்கூடு

கொஞ்சம் காலைத் தூக்கிக்கிறீங்களா சார், பெட்டியை அடியில தள்ளிடறேன். ஆங், போதும். அடடா, கண்ணாடி உள்ளயே போயிடுச்சு. பரவால்ல, திருச்சி வரட்டும், எடுத்துக்கலாம். இப்ப என்ன, பரீட்சையா எழுதப் போறோம். நீங்க ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. இந்த போன்ல மெசேஜ் வந்தா படிச்சுச் சொல்லுங்க. என் பொண்ணு அனுப்புவா, சங்கரின்னு வரும். அவளும் மாப்பிள்ளையும் பேத்தியும் மத்தியானம் ப்ளேன்ல தூத்துக்குடி போறாங்க. மாப்பிள்ளையோட தங்கச்சிக்கு நாளைக்கு நிச்சயதார்த்தம்.

நான் மட்டும் ஏன் ட்ரெயின்ல வர்றேன்னு நீங்க கேக்கலை. ஆனா உங்க மூஞ்சி கேக்குது. ப்ளேன்ல போனா எனக்குக் காது அடைக்கும் சார். அதான். வேற ஒண்ணும் இல்ல.

நான் யாருன்னு சொன்னா சிரிப்பீங்க. ஒரு ப்ளேன் பறக்கலாமா கூடாதான்னு பாத்துச் சொல்றதுக்கு கவர்ன்மெண்ட்ல ஒரு ஆபீஸ் இருக்கு இல்லையா, அதுல இருந்து ரிட்டையர் ஆனவன். வேலாயுதப்பெருமாள்னு பேரு. ஆபீஸ்ல பெருமாள் சார். நான் கையெழுத்துப் போட்டாத்தான் ப்ளேன் பறக்கும். போடலைன்னா எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் ஷெட்டுல கிடக்க வேண்டியதுதான். அப்படி எதையாவது நிறுத்தியிருக்கீங்களான்னு கேக்கறீங்களா? எதுக்கு சார் நிறுத்தணும். நல்லபடியா ஓடிக்கிட்டிருக்கிற கம்பெனியை நிறுத்தறதா வேலை?

எங்க ஆபீஸ்ல ஆள் கிடையாது. மூணு பேர் பாக்கற வேலையை ஒருத்தன் பாக்கணும். ப்ளேனுக்கு அடியில குனிஞ்சு நிமிந்து பாக்கறதெல்லாம் கம்பெனியில இன்ஜினியருங்க பண்ணுவாங்க. அவங்க பாத்துட்டோம்னு எழுதிக் குடுப்பாங்க. எழுதியிருக்காங்களான்னு நாங்க பாப்போம். அதுக்குன்னு ஆள் இருக்கும்போது நாம போயி நட்டைத் தட்டிப் பாத்தா அவங்களை நம்பலைன்னு ஆயிடும் இல்லையா. நேர்ல போறதா இருந்தாலும் முன்னாடியே போன் பண்ணிட்டுத்தான் போவேன். சொல்லாம கொள்ளாம ஒருத்தர் இடத்துக்குப் போய் நிக்கறது நம்ம பழக்கமா? போனா இளநி வெட்டி வச்சிருப்பாங்க. நாற்காலி துடைச்சிருக்கும். மரியாதைன்னா அது.

அந்த மரியாதையைக் கெடுத்தது ஒரு பொண்ணு சார். அதைச் சொல்லலைன்னா எனக்கு மண்டை வெடிச்சிடும். உங்களுக்குத் தூக்கம் வந்தா சொல்லுங்க, நிறுத்திடறேன்.

கொற்கை ஏர்னு ஒரு கம்பெனி. சின்னக் கம்பெனிதான், ரெண்டே ப்ளேன். ரெக்கையில காத்தாடி வச்ச ப்ளேன். முதலாளி பொன்னுலிங்கம் அண்ணாச்சி. அவர் அதுக்கு முன்னாடி ஆம்னி பஸ் விட்டுக்கிட்டிருந்தார். தங்கமான மனுஷன். பஸ் ஓட்டினப்ப எப்படி இருந்தாரோ ப்ளேன் வாங்கின பிறகும் அப்படியே இருந்தார். புது ப்ளேன் வந்து இறங்கின அன்னைக்கு முன் சக்கரத்துல எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தினவர் அவர்தான். வெள்ளைக்கார பைலட் ஒருத்தன் கூட வந்திருந்தான், அவன் அதை போட்டோ எடுத்துக்கிட்டான். ஆயுத பூஜை வந்துட்டா அண்ணாச்சிக்கு தீபாவளி, பொங்கல் எல்லாம் அப்புறம்தான். ரெண்டு ப்ளேனையும் ஷெட்டுல நிறுத்தி, வாழை மரம் கட்டி, காத்தாடிக்கு மாலை போட்டு, பொரி கடலை மலை மாதிரி குவிச்சு, பெரிய பூசணிக்காயா பாத்து உள்ள காசு போட்டு நடுவுல உடைப்பார். அந்தக் காசு, பூசணித் துண்டு எல்லாம் இன்ஜினுக்குள்ள போயிடக் கூடாதுன்னு எங்க ஆபீஸ்ல ஒரு விதி இருக்கு. பெருக்கிடச் சொல்லியிருந்தேன். பெருக்கிடுவாங்க.

போன வருஷப் பூஜைக்கு நான்தான் சிறப்பு விருந்தினர். ரிட்டையர் ஆகறதுக்குக் கொஞ்ச மாசம்தான் இருந்துச்சு. அண்ணாச்சி நேர்ல வந்து வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டார். "பெருமாள் சார், நீங்க கையெழுத்துப் போட்டுத்தான் இது பறக்குது, நீங்க பொட்டு வச்சாத்தான் எனக்கு நிம்மதி"ன்னார். ஒரு மனுஷன் அப்படிக் கூப்பிட்டா எப்படி சார் மாட்டேங்கறது.

போனேன். வேட்டி, சால்வை, மேளம் எல்லாம். ஒரு வெள்ளிக் கிண்ணம் நிறைய சந்தனம் கரைச்சுக் கையில குடுத்தாங்க. எங்க வைக்கறதுன்னு பாத்தேன். மூக்குக்குக் கொஞ்சம் பின்னாடி, பைலட் உக்கார்ற ஜன்னலுக்குக் கீழே, பெயிண்ட் அடிக்காம வட்டமா வெள்ளியாட்டம் பளபளன்னு ஒரு இடம். அளவெடுத்துச் செஞ்ச நெத்தி மாதிரி இருந்துச்சு சார். சுத்தி சிவப்புல பொடி எழுத்துல ஏதோ எழுதியிருந்துச்சு. கண்ணாடியைக் கார்லயே வச்சுட்டேன். கம்பெனி பேரா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். நல்லா குழைச்சு, பெரிய பொட்டா வச்சு, நடுவுல குங்குமம் வச்சேன். எல்லாரும் கை தட்டினாங்க. ஒரு பக்கம் மட்டும் வச்சா நல்லா இருக்குமா? அந்தப் பக்கமும் போனேன். அங்கயும் வட்டம் இருந்துச்சு. ஒண்ணு விடாம வச்சேன். செய்யறதைத் திருந்தச் செய்யணும்.

அந்தப் பொண்ணும் அங்கதான் நின்னா. கேப்டன். பேரு செண்பகவல்லி. கோவில்பட்டி அம்மன் பேரு, நம்ம பக்கத்துப் பொண்ணு. நெத்தியில திருநீறு பூசி, கை கூப்பி, ஒழுங்காத்தான் நின்னா. கூட்டத்துக்குப் பின்னால நின்னதால நான் பொட்டு வச்சதை அவ பாக்கலையாம். அப்புறம் சொன்னா. சாயங்காலமே ப்ளேனைத் தண்ணி ஊத்திக் கழுவித் துடைச்சுட்டாங்க. வெளியில ஒரு சொட்டு மஞ்சள் கிடையாது.

மறுநாள் காலையில, விஜயதசமி, ப்ளேன் நிறைய ஊருக்குப் போற ஜனம். இந்தப் பொண்ணுதான் ஓட்டிக்கிட்டுப் போறா. மேல ஏறிட்டா. ஏறின கொஞ்ச நேரத்துலயே திரும்பி வந்து இறக்கிட்டா. என்னன்னு கேட்டா, மீட்டர் எதுவுமே வேலை செய்யலையாம். அந்த வட்டத்துல பொடிப் பொடியா ஓட்டை இருக்கும் சார். வெளிக்காத்து அது வழியா உள்ள போனாத்தான் எவ்வளவு உயரத்துல இருக்கோம், எவ்வளவு வேகத்துல போறோம்னு காட்டும். ஓட்டை அடைச்சுக்கிச்சு. தெளிஞ்ச வானம், கடல் தெரியுது, கரை தெரியுது, கண்ணால பாத்தே இறக்கிட்டா. மழை நாளா இருந்தா வேற கதை. ஒத்துக்கறேன். திறமை இருக்கு. நான் யார் திறமையையும் மறைக்கிறவன் இல்ல.

ஆனா திறமை இருந்தா போதுமா? பேசாம ஒரு துணியை எடுத்துத் துடைச்சுட்டு வேற நேரத்துல போயிருக்கலாம் இல்ல? எழுதிக் குடுத்துட்டா. ஜனம் பயந்துடுச்சு, பேப்பர்ல வந்துடுச்சு. அண்ணாச்சி எனக்கு போன் பண்ணி அழாத குறை.

விசாரணைன்னு வந்துச்சு. யாரை விசாரிக்கச் சொன்னாங்கன்னு நினைக்கிறீங்க? என்னைத்தான். கம்பெனியை உள்ளும் புறமும் தெரிஞ்சவன் நான்தானே. புதுசா ஒருத்தனை அனுப்பினா அவனுக்கு ஷெட்டுக்கு வழி கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும்.

இருங்க, போன் அதிருது. பாருங்க. என்ன போட்டிருக்கா? ஏர்போர்ட் வந்தாச்சா. சரி. பாப்பா தோசை சாப்பிட்டாளா. சரி சரி. அப்பா நல்லா உக்காந்திருக்கேன்னு போட்டுடுங்க. பக்கத்துல நல்ல மனுஷன் இருக்கார்னும் போடுங்க.

எங்க விட்டேன்? விசாரணை. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அந்தப் பொண்ணு. முதல்ல நல்லாத்தான் பேசினா. "சார், நான் மேல ஏறிக்கிட்டே இருக்கேன், மீட்டர் மட்டும் நான் இன்னும் மீனம்பாக்கத்துல தரையிலயே நிக்கிறேன்னு சொல்லுது"ன்னா. சொல்லிட்டு மேசை மேல இருந்த தண்ணி கிளாஸைப் பாத்தா. நானும் மனுஷன்தானே, தண்ணி குடிம்மான்னு சொன்னேன். அப்புறம் போட்டோ காட்டினா. இறங்கினதும் ஓட்டையை எடுத்த போட்டோ. மஞ்சளா ஏதோ காஞ்சு அடைச்சிருந்துச்சு. கழுவின தண்ணியில கரைஞ்சு உள்ள போயி அப்படியே இறுகியிருக்கு. கூட்டத்துல யாரு கைப்பட்டு எப்படி உள்ள போச்சோ, எனக்கெப்படித் தெரியும்? அன்னைக்கு அத்தனை பேர் சந்தனம் பூசிக்கிட்டாங்க. ஒருத்தனைக் குறிப்பா சொல்ல முடியுமா? ஒருத்தன் பொழைப்புல மண்ணு விழுந்துடும்.

அதனால யாருக்கும் பாதகம் இல்லாத மாதிரி நான் எழுதினேன். மஞ்சள் நிறப் பொருள், குளவிக்கூடாக இருக்கலாம்னு. குளவி அந்த மாதிரி ஓட்டையில கூடு கட்டும் சார், உலகம் பூராவும் நடந்திருக்கு. நான் கற்பனையா எழுதலை. எழுதினதை அவகிட்டப் படிச்சுக் காட்டினேன். அவ என்னை நேராப் பாத்தா. கோபப்படலை. மெதுவாத்தான் சொன்னா.

"சார், சந்தனம் மணக்கற குளவிக்கூட்டை நான் எங்கயும் பாத்ததில்ல."

எனக்கு முகத்துல அறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. என் பொண்ணு வயசு அவளுக்கு. நான் சொன்னேன், "ஏம்மா, நீ கும்பிடற சாமிக்கு வச்ச சந்தனத்தையே குத்தம் சொல்றியா?" அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? "சாமிக்கு நான் எதிரி இல்ல சார். அன்னைக்கு இறக்கினப்ப அம்மன் பேரைச் சொல்லித்தான் இறக்கினேன். சந்தனத்தைக் குத்தம் சொல்லலை. வச்ச இடத்தைச் சொல்றேன்." படிச்ச திமிரு. நாளைக்கு வான்னு அனுப்பிட்டேன். இயந்திரத்துல கோளாறு இல்லை, விமானி பதற்றப்பட்டிருக்கிறார், மறுபயிற்சி தேவைன்னு முடிச்சுட்டேன். பல மாசம் அவளை ஓட்ட விடலை. பயிற்சிக்கூடத்துல உக்கார வச்சுட்டாங்க. அது கம்பெனி முடிவு. நான் மறுபயிற்சின்னுதான் எழுதினேன், உக்கார வைங்கன்னு எழுதலை.

அதோட விட்டாளா? எனக்கு மேல இருக்கறவங்களுக்கு எழுதிட்டா. பூஜையில பொட்டு வச்சவரே எப்படி விசாரிக்கலாம்னு. கூட்டத்துல எவனோ எடுத்த போட்டோவைத் தேடிப்பிடிச்சு, நான் சிரிச்சுக்கிட்டே பொட்டு வைக்கற போட்டோ, அதையும் சேத்து அனுப்பிட்டா. என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? என்ன ஆகும். என் விசாரணையை விசாரிக்க ஒருத்தரைப் போட்டாங்க. அவர் என்கூடவே வேலைக்குச் சேந்தவர். வந்தார், டீ குடிச்சார், என் மேல தப்பு இல்லைன்னு எழுதிட்டுப் போனார். தப்பு இல்லாததாலதானே எழுதினார்.

கூடவே ஒரு சுற்றறிக்கையும் போடச் சொன்னார். நான்தான் எழுதிக் குடுத்தேன். "பூஜைக் காலங்களில் சந்தனம், குங்குமம் முதலியவற்றை விமானங்களுக்கு மிதமான அளவில் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." நல்லா இருக்கு இல்ல? யார் மனசும் புண்படாது. எங்க ஆபீஸ்ல நான் கடைசியா எழுதினது அதுதான்.

ஆனா பேரு கெட்டுப்போச்சு சார். அதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். எங்க ஆபீஸ்ல ரிட்டையர் ஆனா ஒரு வழக்கம் உண்டு. மாலை போட்டு, குரூப் போட்டோ எடுத்து, ஆபீஸ் கார்ல வீடு வரைக்கும் கொண்டாந்து விடுவாங்க. பின்னாடியே ரெண்டு கார் வரும். தெருவே வாசல்ல நின்னு பாக்கும். எனக்கு முன்னால ரிட்டையர் ஆன அத்தனை பேருக்கும் நான்தான் முன்னால நின்னு நடத்தினேன். கார்ல எனக்குத்தான் முன் சீட்டு. என் முறை வந்தப்ப, விவகாரம் இன்னும் ஆறலை, இப்ப வேண்டாம்னுட்டாங்க. ஒரு டீ, ஒரு பக்கோடா. மேலதிகாரி லீவு. கார் சர்வீஸுக்குப் போயிருக்குன்னாங்க. என் வீட்டம்மா பட்டுப்புடவை கட்டி ஆரத்தித் தட்டோட வாசல்ல நிக்கறா. நான் ஆட்டோவுல வந்து இறங்கறேன். ஆட்டோக்காரன் சில்லறை இல்லைன்னு சண்டை போடறான். தட்டுல இருந்த கற்பூரம் அணைஞ்சே போச்சு. வாழ்நாள் பூரா ஒழுங்கா வேலை பாத்தவனுக்கு இதுதான் கிடைச்சது. அந்தப் பொண்ணு மேல எனக்கு இருக்கற வருத்தம் கட்டையில போற வரைக்கும் போகாது.

அண்ணாச்சிதான் என்னை விட்டுக்குடுக்கலை. ரிட்டையர் ஆன அடுத்த மாசமே கூப்பிட்டு, பாதுகாப்பு ஆலோசகர்னு ஒரு அறை குடுத்துட்டார். பேர்ப்பலகை கூட இருக்கு. முன்னாடி நான் அவங்களைச் சோதிச்சேன். இப்ப எங்க ஆபீஸ்ல இருந்து வர்ற பையனுங்களுக்கு நான் இளநி வெட்டி வைக்கறேன். நல்ல பசங்க. போன் பண்ணிட்டுத்தான் வர்றாங்க. அந்தப் பொண்ணையும் மறுபடி ஓட்ட விட்டுட்டார் அண்ணாச்சி. பைலட் கிடைக்கலை, என்ன பண்றது. எதிர்ல பாத்தா வணக்கம் சார்ங்கும். அதுல ஒண்ணும் குறை வைக்காது.

என்ன சார், மெசேஜா? ஏறி உக்காந்தாச்சா. ஜன்னல் சீட்டா. சரி, சரி.

எந்த கம்பெனி ப்ளேன்னு கேக்கறீங்களா? கொற்கை ஏர்தான். வேற எதுல போகப்போறாங்க. பூஜைக்கு அண்ணாச்சி குடுத்த டிக்கெட். எனக்கும் சேத்துத்தான் குடுத்தார். நான்தான் ட்ரெயின்ல போறேன்னுட்டேன். ஜன்னல் ஓரமா வயல் வரப்பு பாத்துக்கிட்டே போகலாம்னு. காதுன்னு சொன்னேனா? காதும்தான்.

நேத்துப் பூஜைக்கும் நான் போயிருந்தேன் சார். ஆலோசகர் இல்லாம எப்படி. இந்த வருஷமும் கிண்ணத்தை என் கையிலதான் குடுத்தாங்க. நான் என்ன முட்டாளா, மறுபடி அந்த வட்டத்துல வைக்க? அண்ணாச்சியும் முன்னாடியே சொல்லிட்டார், "வட்டம் வேண்டாம் சார், கேஸ் ஆயிடும், வேற இடமா பாத்து வைங்க"ன்னு. சுத்திப் பாத்தேன். மூக்குப் பக்கத்துல கொம்பு மாதிரி சின்னதா நீட்டிக்கிட்டு ஒண்ணு இருக்கும். நிறுத்தி வச்சிருக்கும்போது சிவப்புத் துணியில உறை போட்டு மூடியிருப்பாங்க. போட்டோவுக்கு நல்லா இருக்கட்டும்னு உறையைக் கழட்டியிருந்தாங்க. அதோட நுனியில ஒரு உருண்டை சந்தனம் வச்சேன். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புல குஞ்சம் கட்டினாப்புல அழகா நின்னுச்சு. பூஜை முடிஞ்சதும் உறையைத் திருப்பி மாட்டிட்டாங்க. அப்புறம் ப்ளேனைக் கழுவினாங்க. உறைக்குள்ள தண்ணி போகாது.

அது என்ன கொம்பா? அதுவும் காத்துதான் சார். எதிர்க்காத்து அது முனையில இருக்கற ஓட்டை வழியாப் போனாத்தான் வேகம் காட்டும். எனக்குத் தெரியாதா என்ன. காலையில குளிக்கும்போது தோணுச்சு. தலையில தண்ணி ஊத்தினப்பதான் தோணுச்சு. ஆனா ரெண்டு ப்ளேன்ல எது இன்னைக்குப் போகுதுன்னு யாருக்குத் தெரியும். உறையைக் கழட்டறவன் பாக்க மாட்டானா? அதுக்குன்னு ஆள் இருக்காங்க. அண்ணாச்சிக்கு போன் பண்ணலாம்னு எடுத்தேன், வச்சுட்டேன். நேத்துதான் சால்வை போட்டார். இன்னைக்குக் காலையில போன் பண்ணி, நான் வச்ச சந்தனத்தைத் துடைங்கன்னா என்ன நினைப்பார்? சங்கரிகிட்ட மட்டும் சொன்னேன், ட்ரெயின்ல வந்துடுங்களேம்மான்னு. மாப்பிள்ளை சிரிச்சார். ப்ளேனுக்கே கையெழுத்துப் போட்ட மாமா ப்ளேனுக்குப் பயப்படறாரேன்னார். நான் பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

மெசேஜ் வந்திருக்கா? படிங்க. மெதுவாப் படிங்க, ட்ரெயின் சத்தத்துல காது கேக்கலை.

லேட்டா. ஏனாம்? ஒரு லேடி பைலட் கீழ இறங்கி ப்ளேனைத் துணியால துடைச்சுக்கிட்டிருக்காங்களா. எல்லாரும் கத்தறாங்களா. ஏ.சி. இல்ல, பாப்பா அழறாளா. அப்புறம்? அப்பா, உங்களுக்குத்தான் அந்தக் கம்பெனியில எல்லாரையும் தெரியுமே, அந்தம்மா மேல ஒரு கம்ப்ளெயிண்ட் குடுங்க, அப்படியா போட்டிருக்கா?

பேரு கேளுங்க. அந்த லேடி பேரு என்னன்னு போடுங்க. சீக்கிரம்.

செண்பகவல்லி. தெரியும் எனக்கு. தெரியும். மறுபடி ஓட்ட வந்ததுல இருந்து அவ ஒவ்வொரு தடவையும் இப்படித்தானாம். தானே சுத்தி வந்து, வட்டம் வட்டமாத் துடைச்சுப் பாத்துட்டுத்தான் ஏறுவாளாம். கம்பெனியில எல்லாரும் பைத்தியம்னு சொல்லுவாங்க. நானும் சொல்லியிருக்கேன். இவளாலதான் ப்ளேன் எல்லாம் லேட்டாகுதுன்னு போன வாரம் கூட அண்ணாச்சிகிட்ட சொன்னேன்.

சார், ஒண்ணு போடுங்க. பேசாம உக்காரும்மா, லேட்டானா ஆகட்டும்னு போடுங்க. கம்ப்ளெயிண்ட் எல்லாம் வேண்டாம்னு போடுங்க.

என்ன, துடைச்சு முடிச்சு மேல ஏறிட்டாங்களா? கதவு மூடப் போறாங்களா? போனை அணைக்கச் சொல்றாங்களா? இருங்க இருங்க. போடுங்க சார், உங்க கை வேகமா இருக்கு, எனக்கு எழுத்து தெரியலை. அந்த பைலட் வட்டத்தை மட்டும்தான் பாத்திருப்பா. கொம்பைப் பாத்தாளா தெரியாது. கொம்பு நுனியைப் பாக்கச் சொல்லுன்னு போடுங்க. மூக்குப் பக்கத்துல கொம்பு. உள்ள நல்லாப் பாக்கச் சொல்லு. அங்க நிக்கற ஏர் ஹோஸ்டஸ் பொண்ணைக் கூப்பிட்டு உடனே சொல்லு, கதவு மூடறதுக்குள்ள சொல்லு. யார் சொன்னான்னு கேட்டா என் பேரைச் சொல்லிடாதே. அதையும் போடுங்க சார். அதை மறந்துடாதீங்க.

போயிடுச்சா? போச்சா இல்லையான்னு பாருங்க. டவர் இருக்கா? இந்த இடத்துல எப்பவும் டவர் போயிடும். முருகா. பாப்பாவுக்கு இப்பத்தான் ரெண்டு வயசு முடிஞ்சிருக்கு. தாத்தா ஏன் வரலைன்னு காலையில காலைக் கட்டிக்கிட்டா. கொஞ்சம் தண்ணி இருந்தா குடுங்க சார். பயமா இருக்கு. இப்படி ஒரு நாளும் இருந்ததில்ல.

வந்திருக்கா? வந்திருச்சா? படிங்க.

சொல்லிட்டாளா. அவங்க மறுபடி கீழ இறங்கினாங்களா. ஏணி வச்சாங்களா. ஆமா, அந்தக் கொம்புதான். துடைச்சாங்களா? நல்லாத் துடைச்சாங்களான்னு கேளுங்க. குச்சி விட்டு எடுத்தாங்களா. நல்லவேளை. நல்லவேளை சார். எப்பா. ப்ளேன் இன்னும் லேட்டா? ஆகட்டும், சாயங்காலம் கூட ஆகட்டும். பாப்பா தூங்கிட்டாளா. தூங்கட்டும்.

இன்னும் ஏதோ இருக்கா? கேப்டன் இவ சீட்டுக்கே வந்தாங்களா. யாரு சொன்னாங்கன்னு கேட்டாங்களா. இவ என்ன சொன்னா? எங்கப்பா சொன்னாருன்னா? பேரைச் சொல்லாதேன்னா அப்பான்னு சொல்லியிருக்கா பாருங்க. அறிவே கிடையாது. படிங்க, அப்புறம்?

கேப்டன் சிரிச்சாங்களா. சிரிச்சுட்டு, உங்கப்பாகிட்ட சொல்லுங்க, இந்த வருஷமும் குளவி கூடு கட்டியிருக்குன்னு. அப்படியா சொன்னா?

பாத்தீங்களா சார். பாத்தீங்களா அவ திமிரை. இத்தனை ஜனத்துக்கு நடுவுல, என் பொண்ணுகிட்டயே. இதுக்குத்தான் சொன்னேன், அந்தப் பொண்ணால எனக்கு மரியாதையே போச்சுன்னு.

என்னவாம்? அது என்ன குளவி, அப்பான்னு சங்கரி கேக்கறாளா?

அந்தத் தண்ணியை இன்னும் கொஞ்சம் குடுங்க. ம்.

போடுங்க சார். ஆமாம்மா, குளவியாத்தான் இருக்கும்னு போடுங்க.